ஜெயிக்க என்ன யோசிக்க வேண்டும்? தொடக்கப் பள்ளிக் கணக்குக்கும் அறிவியலுக்கும் ஆன்லைன் விளையாட்டுகள்

வகுத்தலைப் பழக்கும் இரண்டு கணினி விளையாட்டுகளை எடுத்துக்கொள்வோம். முதலாவது ஒரு கார் பந்தயம். திரையின் மேலே "56 ÷ 7" என்று கேள்வி வரும், கீழே நான்கு விடைகள். சரியான விடையைத் தொட்டால் கார் பாயும், தவறினால் நின்றுவிடும். இரண்டாவதில் ஒரு வீரன் இருக்கிறான். எதிரே எலும்புக்கூடுகள் வருகின்றன, ஒவ்வொன்றின் மார்பிலும் ஓர் எண். வீரனின் ஒவ்வொரு தாக்குதலுக்கும் ஓர் எண் உண்டு. எலும்புக்கூட்டின் எண்ணை மீதியில்லாமல் வகுக்கும் தாக்குதலைத் தேர்ந்தெடுத்தால் அது வீழும். 35 வந்தால் 5 வேண்டும், 27 வந்தால் 3 வேண்டும்.

இப்போது முதல் விளையாட்டிலிருந்து கணக்கை எடுத்துவிட்டு நாடுகளின் தலைநகரங்களைக் கேள்வியாகப் போட்டுப் பாருங்கள். கார் அதே போல ஓடும், எதுவும் குறையாது. இரண்டாவதில் வகுத்தலை எடுத்துவிட்டால் விளையாடவே எதுவும் மிஞ்சாது. எந்த எதிரியை எதனால் அடிப்பது என்ற முடிவே அங்கு வகுத்தல்தான்.

எலும்புக்கூடு விளையாட்டு உண்மையிலேயே உருவாக்கப்பட்ட ஒன்று. ஜேக்கப் ஹாப்குட், ஷரன் ஏன்ஸ்வொர்த் என்ற இரு ஆய்வாளர்கள் அதை 7 முதல் 11 வயதுப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்து, முடிவுகளை 2011இல் வெளியிட்டார்கள். அதே விளையாட்டின் இன்னொரு வடிவத்தையும் அவர்கள் செய்திருந்தார்கள். அதில் சண்டையில் எண் கிடையாது. ஒரு கட்டம் முடிந்து அடுத்ததற்குப் போகும் இடைவெளியில் வகுத்தல் கேள்விகள் தனியாக வரும். கணக்கு இரண்டிலும் ஒன்றுதான், படங்களும் அதே படங்கள்தான். ஆனாலும் வகுத்தல் சண்டைக்குள்ளேயே இருந்த வடிவத்தை விளையாடியவர்கள் கூடுதலாகக் கற்றார்கள். எதை வேண்டுமானாலும் விளையாடலாம் என்று விட்டபோது அந்த வடிவத்தில் அவர்கள் செலவிட்ட நேரம் மற்றதைப் போல ஏழு மடங்கு.

அதனால், வகுப்புக்கோ வீட்டுக்கோ ஒரு கேமைத் தேர்ந்தெடுக்கும்போது படம் அழகாக இருக்கிறதா, பிள்ளைக்குப் பிடிக்குமா என்பதையெல்லாம் இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: இதில் ஜெயிக்க ஒரு குழந்தை எதை யோசிக்க வேண்டியிருக்கிறது? வேகமாகத் தொடுவதையா, விடையை நினைவிலிருந்து எடுப்பதையா, அளவுகளை ஒப்பிடுவதையா, அல்லது எதையுமே யோசிக்காமல் தொட்டுக்கொண்டே போனாலும் ஜெயித்துவிடலாமா? குழந்தை எதை யோசிக்கிறதோ அதைத்தான் கற்கிறது. திரையின் ஓரத்தில் "பின்னங்கள்" என்று தலைப்பு போட்டிருப்பதால் மட்டும் பின்னம் தலைக்குள் போய்விடாது.

எத்தனை வகை

கல்விக்காக இணையத்தில் கிடைக்கும் விளையாட்டுகள் ஆயிரக்கணக்கில் இருந்தாலும், பெரும்பாலானவற்றைச் சில வகைகளுக்குள் அடக்கிவிடலாம்.

முதல் வகை பயிற்சி விளையாட்டு. மேலே சொன்ன கார் பந்தயம் இந்த வகை. இதைக் குறைவாக மதிப்பிட வேண்டாம். வாய்ப்பாடு, 10க்குள் கூட்டல் போன்றவை யோசிக்காமலே வந்து நிற்க வேண்டும். இல்லாவிட்டால் பெரிய கணக்கின் நடுவில் குழந்தை 7 × 8இல் மாட்டிக்கொண்டு, என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதையே மறந்துவிடும். நினைவிலிருந்து விடையை எடுத்துப் பார்ப்பது, அதைச் சில நாட்கள் இடைவெளி விட்டு மறுபடி செய்வது, இரண்டும் நினைவை உறுதியாக்குகின்றன. பயிற்சி விளையாட்டு அந்த வேலையைச் செய்யும். ஆனால் பெருக்கல் என்றால் என்னவென்றே புரியாத குழந்தையிடம் இதைக் கொடுத்தால் அது ஊகிக்கத்தான் கற்றுக்கொள்ளும். கருத்தை விளக்கி, பொருட்களை வைத்துச் செய்து பார்த்து, புரிந்த பிறகே இது வர வேண்டும். முதல் சில வாரங்களுக்கு நேரக் கடிகாரம் ஓடாத விளையாட்டாகப் பாருங்கள். கடிகாரத்தைப் பார்த்துப் பதறும் பிள்ளைகள் தெரிந்ததையும் தவற விடுகிறார்கள்.

அப்புறம் வினாடி வினா வகை. ஆசிரியர் திரையில் கேள்வி காட்ட, வகுப்பு முழுவதும் ஒரே சமயத்தில் பதில் சொல்லும். நார்வேயில் தொடங்கி 2013இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த கஹூட் இந்த வகையில் பலருக்கும் தெரிந்தது. இதில் யார் முதலிடம் என்பது ஆசிரியருக்கு அவ்வளவு முக்கியமில்லை. எந்தத் தவறான விடையைப் பலர் தேர்ந்தார்கள் என்பதுதான் அவருக்குக் கிடைக்கும் புதையல். "1/3, 1/4, எது பெரியது?" என்று கேட்டு, வகுப்பில் பாதிப் பேர் 1/4 என்றால், அடுத்த கேள்விக்குப் போகாதீர்கள். 4 என்பது 3ஐவிடப் பெரியது, அதனால் 1/4 பெரியது என்று அவர்கள் நினைக்கிறார்கள். முழு எண்ணில் சரியாக இருந்த பழக்கத்தைப் பின்னத்துக்கும் கொண்டுவருகிறார்கள். அன்றைய பாடம் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

மூன்றாவது, கருத்தே விளையாட்டாக இருக்கும் வகை. எலும்புக்கூடு விளையாட்டு இதில் சேரும். இது ஒன்றும் புதிய யோசனை இல்லை. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1960இல் தொடங்கிய பிளேட்டோ என்ற கணினிக் கல்வி அமைப்பில், 1970களிலேயே பின்னத்துக்கென்று ஒரு விளையாட்டு இருந்தது. திரையில் ஓர் எண்கோடு, அதில் எங்கெங்கோ பலூன்கள். பலூன் இருக்கும் இடத்தை ஒரு பின்னமாகவோ கலப்பு எண்ணாகவோ தட்டச்சு செய்தால் அந்த இடத்துக்கு ஓர் அம்பு பாயும். சரியாக இருந்தால் பலூன் வெடிக்கும். தவறினால் அம்பு கோட்டில் போய்க் குத்திக்கொண்டு அங்கேயே நிற்கும்.

அந்த நிற்கும் அம்பை நான் மிகவும் மதிக்கிறேன். "தவறு, மீண்டும் முயற்சி செய்" என்று சிவப்பு எழுத்தில் சொல்வதற்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம்! குழந்தை 2 1/2 என்று போட்டது, பலூன் அதற்குக் கொஞ்சம் அப்பால் இருக்கிறது. எவ்வளவு தள்ளி என்பது கண்ணுக்குத் தெரிகிறது. அடுத்த முயற்சியில் 2 3/4 போடலாமா என்று யோசிக்கத் தோன்றும். தவறு அடுத்த அடிக்கு வழி காட்டுகிறது. இன்றைய விளையாட்டுகளைத் தேர்ந்தெடுக்கும்போதும் நீங்களே வேண்டுமென்றே ஒரு தவறான விடையைக் கொடுத்துப் பாருங்கள். அதற்கு அந்தக் கேம் என்ன செய்கிறது என்பதை வைத்தே அதன் தரத்தைப் பாதி கணித்துவிடலாம்.

நான்காவது வகை சிமுலேஷன், அதாவது நிஜத்தில் நடப்பதைத் திரையில் அதே போலச் செய்து பார்ப்பது. இதில் புள்ளியும் வெற்றியும் இல்லாமல் போகலாம். மின்கலம், கம்பி, பல்பு ஆகியவற்றைத் திரையில் கொடுத்து, என்ன வேண்டுமானாலும் செய்து பார் என்று விட்டுவிடும். அறிவியலுக்கு இதுதான் அதிகம் பயன்படும் என்பதால் தனியாகப் பார்ப்போம்.

கணக்கில் எங்கே உதவும்

எண்களின் அளவைப் பற்றிய உணர்வில் தொடங்கலாம். ராபர்ட் சீக்லர், கீதா ரமணி இருவரும் 2008இல் வெளியிட்ட ஓர் ஆய்வு கணினி இல்லாத ஒரு சாதாரணப் பலகை விளையாட்டைப் பற்றியது. ஆனால் ஆன்லைன் விளையாட்டுகளுக்கும் அது அப்படியே பொருந்தும். பலகையில் 1 முதல் 10 வரை கட்டங்கள் ஒரே வரிசையில் இருக்கும். ஒரு முள்ளைச் சுழற்றினால் 1 அல்லது 2 விழும். அத்தனை கட்டம் நகர வேண்டும், நகரும்போது கட்டத்தில் உள்ள எண்ணைச் சொல்ல வேண்டும். வசதி குறைந்த குடும்பங்களைச் சேர்ந்த, இன்னும் பள்ளியில் சேராத பிள்ளைகள் இரண்டு வாரத்தில் மொத்தம் ஒரு மணி நேரம் போல இதை விளையாடினார்கள். எண்ணுதல், எண் வடிவங்களை அடையாளம் காணுதல், எது பெரிது என்று சொல்லுதல், எண்கோட்டில் இடம் குறித்தல் என எல்லாவற்றிலும் அவர்கள் முன்னேறினார்கள். ஒன்பது வாரம் கழித்துச் சோதித்தபோதும் அந்த முன்னேற்றம் இருந்தது. எண்ணுக்குப் பதிலாக நிறங்கள் இருந்த பலகையில் விளையாடியவர்களிடம் அந்த மாற்றம் வரவில்லை.

இதன் தொடர்ச்சியாக வந்த இரண்டு முடிவுகள் இன்னும் சுவாரஸ்யமானவை. வட்டமான பலகையைவிட நேர்க்கோட்டுப் பலகை நன்றாக வேலை செய்தது. எண் பெரிதாகப் பெரிதாகத் தூரமும் கூடுகிறது என்பதை நேர்க்கோடு காட்டுகிறது, வட்டம் அதைக் குழப்புகிறது. பிறகு எலைடா லாஸ்கியும் சீக்லரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில் 100 வரை எண்கள் கொண்ட பலகையைப் பயன்படுத்தினார்கள். 25இல் நிற்கும் குழந்தைக்கு 2 விழுந்தால், ஒரு குழுவினர் "இருபத்தாறு, இருபத்தேழு" என்று சொல்லி நகர்ந்தார்கள். இன்னொரு குழுவினர் "ஒன்று, இரண்டு" என்று சொல்லி நகர்ந்தார்கள். பலகையும் ஒன்று, ஆட்டமும் ஒன்று. முதல் குழு நன்றாகக் கற்றது, மற்றது அவ்வளவாகக் கற்கவில்லை. கட்டத்தில் இருக்கும் எண்ணைக் கவனிக்கத் தேவையில்லை என்றால் குழந்தை அதைக் கவனிப்பதில்லை.

ஆன்லைனில் நகர்வு விளையாட்டுகள் ஏராளம். பலவற்றில் பகடையைத் தொட்டதும் காய் தானாகவே ஓடிப் போய் நிற்கும். குழந்தை எண்ண வேண்டிய வேலையைக் கணினி செய்துவிடுகிறது! காயைக் குழந்தையே கட்டம் கட்டமாக நகர்த்தும் விளையாட்டைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால், காய் ஓடும் முன்பே "எங்கே போய் நிற்கும்?" என்று கேட்டுவிட்டுத் தொடச் சொல்லுங்கள்.

அடுத்து சமக் குறி. 8 + 4 = □ + 5 என்று எழுதிக் கொடுத்தால், கட்டத்தில் 12 என்று எழுதும் பிள்ளைகள் நிறையப் பேர். சிலர் எல்லாவற்றையும் கூட்டி 17 என்பார்கள். "=" என்றால் "இதோ விடை வருகிறது" என்று அவர்கள் புரிந்துகொண்டிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு என்ற கருத்து இன்னும் வரவில்லை. இதற்குத் தராசு விளையாட்டுகள் அருமையாக உதவும். இடது தட்டில் 8ம் 4ம், வலது தட்டில் 5. குழந்தை வலது தட்டில் 12ஐப் போட்டால் அது தாழ்ந்துபோகிறது. ஏன் தாழ்ந்தது என்று கேட்க அந்த ஒரு அசைவு போதும். கரும்பலகையில் இதே விஷயத்தை எத்தனை முறை சொன்னாலும், தட்டு தாழ்வதைப் பார்ப்பதற்கு ஈடாகாது.

பரப்பளவும் சுற்றளவும் குழம்பும் இடமும் இப்படித்தான். சதுரங்களை அடுக்கி வடிவம் செய்யும் விளையாட்டில் 12 சதுரங்களைக் கொடுத்து, முதலில் 3 × 4 செவ்வகம் செய்யச் சொல்லுங்கள். சுற்றளவு 14. அதே 12ஐ 2 × 6 ஆக மாற்றினால் சுற்றளவு 16. பரப்பு மாறவில்லை, சுற்றளவு மாறிவிட்டது. தாளில் வரைந்து அழித்து வரைவதற்குள் களைத்துவிடும் குழந்தை, திரையில் ஐந்து நிமிடத்தில் பத்து வடிவங்களைச் செய்துவிடும். "12 சதுரம் வைத்து, மிகப் பெரிய சுற்றளவு வருகிற மாதிரி ஒன்று செய்" என்று சவால் விட்டால் அது தானாகவே ஆராய்ச்சியில் இறங்கிவிடும்.

அறிவியலும் சிமுலேஷனும்

2001இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கார்ல் வீமன், அடுத்த ஆண்டு கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகத்தில் ஃபெட் என்ற திட்டத்தைத் தொடங்கினார். இயற்பியல், வேதியியல், கணக்கு, உயிரியல் ஆகியவற்றில் இலவச சிமுலேஷன்களை அது தருகிறது. பல மொழிகளில் இருக்கின்றன, தமிழிலும் சில உண்டு. தொடக்கப் பள்ளிக்கு ஏற்றவற்றைத் தனியாகப் பிரித்துக் காட்டியிருப்பார்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாதவருக்கு நான் முதலில் கைகாட்டுவது இதைத்தான்.

அதில் உள்ள மின்சுற்றை எடுத்துக்கொள்வோம். மின்கலத்தின் ஒரு முனையிலிருந்து பல்புக்கு ஒரே ஒரு கம்பி போட்டால் போதும், எரியும் என்று பல பிள்ளைகள் நம்புகிறார்கள். வீட்டில் விளக்குக்கு ஒரே ஒயர்தானே போகிறது, அதற்குள் இரண்டு கம்பிகள் இருப்பது அவர்களுக்குத் தெரியாதே! திரையில் ஒரு கம்பியை மட்டும் போட்டால் பல்பு எரியாது. இரண்டாவது கம்பியைப் போட்டுச் சுற்றை மூடியதும் பல்பு ஒளிரும், கம்பிகளுக்குள் எலக்ட்ரான்கள் நகர்வது தெரியும். எலக்ட்ரான்கள் எல்லா இடத்திலும் ஒரே சமயத்தில் நகரத் தொடங்குகின்றன. நிஜக் கம்பியில் இதைப் பார்க்க வழியே இல்லை. மின்கலத்தின் இரு முனைகளையும் வெறும் கம்பியால் இணைத்தால் திரையில் தீப்பிடிக்கும். நிஜத்தில் செய்யக் கூடாத ஒன்றை, ஏன் செய்யக் கூடாது என்று பயமில்லாமல் பார்க்க முடிகிறது.

சரி, இதைக் கொடுத்துவிட்டு ஆசிரியர் ஓரமாக உட்கார்ந்துவிடலாமா? கூடாது. சிமுலேஷனைப் பயன்படுத்த மிக எளிய ஒழுங்கு ஒன்று இருக்கிறது: முதலில் ஊகி, பிறகு பார், பிறகு விளக்கு. "இந்தச் சுற்றில் இன்னொரு பல்பைச் சேர்த்தால் முதல் பல்பின் வெளிச்சம் கூடுமா, குறையுமா, அப்படியே இருக்குமா?" என்று கேட்டு, விடையை நோட்டில் எழுத வையுங்கள். எழுதிய பிறகுதான் தொடலாம். ஊகத்தை எழுதாத குழந்தை எது நடந்தாலும் "எனக்கு முன்பே தெரியும்" என்று சொல்லிவிடும். எழுதிய குழந்தைக்குத் தன் ஊகம் கண்முன் இருக்கிறது. நடந்தது வேறாக இருந்தால் ஏன் என்று கேட்காமல் அதனால் இருக்க முடியாது.

நிலவின் பிறைகள் இன்னொரு நல்ல உதாரணம். பூமியின் நிழல் விழுவதால்தான் பிறை வருகிறது என்று பெரியவர்களே பலர் நினைக்கிறார்கள். நிழல் விழுவது சந்திர கிரகணத்தில் மட்டும். சூரியன் நிலவின் ஒரு பாதியை எப்போதும் ஒளியூட்டிக்கொண்டிருக்கிறது. அந்த ஒளிப்பாதியில் நமக்கு எவ்வளவு தெரிகிறது என்பதே பிறை. நிலவைப் பூமியைச் சுற்றி இழுத்து நகர்த்த விடும் ஒரு சிமுலேஷனில், மேலிருந்து பார்க்கும் காட்சியும் பூமியிலிருந்து பார்க்கும் காட்சியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் இது விளங்கிவிடும். ஓர் அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைக்கு ஏறக்குறைய 29 1/2 நாள். அதைச் சில நொடிகளில் ஓட்டிப் பார்க்கலாம். ஆனாலும் அந்த ஒரு மாதம் குழந்தைகள் வானத்தை நிமிர்ந்து பார்த்து, தெரிந்த நிலவைத் தினமும் நோட்டில் வரைந்துகொண்டு வரட்டும். திரை தருவது விளக்கம். எதை விளக்க வேண்டும் என்பது வானத்தில் இருக்கிறது.

திரை தவறாகக் கற்றுத்தரும் இடங்களும் உண்டு, அவற்றை ஆசிரியர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கோள் விளையாட்டுகளில் சூரியனும் பூமியும் ஒரே திரையில் அருகருகே இருக்கும். சூரியனை 1 மீட்டர் விட்டமுள்ள பந்தாக எடுத்துக்கொண்டால், பூமி சுமார் 9 மில்லிமீட்டர்தான். அது இருக்க வேண்டிய இடம் 107 மீட்டர் தள்ளி. எந்தத் திரையிலும் இதைக் காட்ட முடியாது. அதனால் விளையாட்டை முடித்ததும் பிள்ளைகளை வெளியே அழைத்துப் போய், அந்தத் தூரத்தை நடந்து காட்டுங்கள்.

விதை வளர்க்கும் விளையாட்டுகளில் எனக்கு ஒரு தீராத வருத்தம் உண்டு. விதை, மண், தண்ணீர், சூரியன் என்று நான்கையும் தொட்டால்தான் முளைக்கும் என்று பல விளையாட்டுகள் காட்டுகின்றன. விதை முளைக்க ஈரம் வேண்டும், காற்று வேண்டும், ஏற்ற வெப்பம் வேண்டும். பெரும்பாலான விதைகளுக்கு மண்ணோ வெளிச்சமோ தேவையில்லை, ஈரத் துணியில் சுற்றி இருட்டில் வைத்தாலும் முளைக்கும். முளைத்த பிறகு செடியாக வளரத்தான் வெளிச்சம் வேண்டும். துணியும் சில விதைகளும் இருந்தால் இதைக் கையாலேயே செய்து பார்க்கலாம். இப்படி எளிதாகவும் ஆபத்தில்லாமலும் நிஜத்தில் செய்யக்கூடியதற்கு விளையாட்டைத் தேடவே வேண்டாம். காந்தம், மிதப்பதும் மூழ்குவதும், நிழலின் நீளம், எல்லாம் கைக்கே உரியவை. மிகச் சிறியது, மிகப் பெரியது, மிக மெதுவானது, மிக வேகமானது, ஆபத்தானது, இவற்றுக்குத்தான் திரை.

வகுப்பில் எப்படி நுழைப்பது

ஒரு பாட வேளையில் விளையாட்டுக்குப் பத்து, பதினைந்து நிமிடம் போதும். மீதி நேரம் அதற்கு முன்னும் பின்னும் வேண்டும். அதிலும் பின்னால் வரும் பேச்சு மிக முக்கியம், அதை நேரமில்லை என்று விட்டுவிடக் கூடாது. "எந்தக் கட்டம் கஷ்டமாக இருந்தது? அதை எப்படிக் கடந்தாய்? வேறு யாராவது வேறு வழியில் செய்தீர்களா?" இந்த மூன்று கேள்விகளே போதும். கையால் செய்ததை வாயால் சொல்லும்போதுதான் குழந்தைக்கே தான் என்ன செய்தோம் என்பது தெளிவாகிறது.

ஆளுக்கு ஒரு கருவி இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். இரண்டு பேருக்கு ஒரு டேப் என்பது பல சமயம் நல்லதே. ஒருவர் தொடுகிறார், மற்றவர் என்ன செய்ய வேண்டும், ஏன் செய்ய வேண்டும் என்று சொல்கிறார், சில நிமிடம் கழித்து மாறிக்கொள்கிறார்கள். வகுப்புக்கே ஒரு ப்ரொஜெக்டர்தான் என்றாலும் சமாளிக்கலாம். ஆசிரியர் தொடும் முன் வகுப்பு முழுவதும் கை உயர்த்தி ஊகிக்கட்டும், பிறகு தொடலாம்.

விளையாடும்போது ஒன்றைக் கண்காணிக்க வேண்டும். விடை தெரியாத குழந்தை நான்கு விருப்பங்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போகும், அல்லது உதவிப் பொத்தானை அழுத்தி அழுத்தி விடையையே வரவழைத்துவிடும். ரயான் பேக்கரும் அவரது கூட்டாளிகளும் 2004இல், கணினி வழியாகக் கணக்குக் கற்ற மாணவர்களிடம் இதை ஆராய்ந்தார்கள். இப்படிச் செய்தவர்கள் மற்றவர்களைவிடத் தெளிவாகக் குறைவாகக் கற்றிருந்தார்கள். இதைப் பார்த்ததும் திட்ட வேண்டாம். அந்தக் குழந்தைக்கு அந்தக் கட்டம் கடினமாக இருக்கிறது, இல்லை விளையாட்டே ஊகத்துக்கு இடம் கொடுக்கிறது. ஒரு கட்டம் கீழே இறக்குங்கள், அல்லது "தொடும் முன் காரணம் சொல்" என்று ஒரு விதி வையுங்கள்.

இதற்கு நேர் எதிரான சிக்கலும் உண்டு. நன்றாக விளையாடும் குழந்தை ஒரே தந்திரத்தைப் பிடித்துக்கொண்டு அதிலேயே நின்றுவிடும். பிளேட்டோவில் இருந்த இன்னொரு விளையாட்டில் மூன்று எண்கள் கிடைக்கும். அவற்றைக் கூட்டி, கழித்து, பெருக்கி, வகுத்து ஒரு விடையை உண்டாக்கி, அத்தனை அடி முன்னேற வேண்டும். பல மாணவர்கள் தங்களுக்குப் பழகிய ஒரே அமைப்பைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள், அதைவிட நல்ல வழி இருப்பதைத் தேடவே இல்லை. ரிச்சர்ட் பர்ட்டனும் ஜான் சீலி பிரவுனும் இதற்காக 1970களில் ஒரு கணினிப் பயிற்சியாளரையே உருவாக்கினார்கள். மாணவர் நல்ல வாய்ப்பைத் தவற விடும்போது அது வேறு வழியைக் காட்டும். அதற்கு அவர்கள் வைத்த விதிகளில் ஒன்று, அடுத்தடுத்த இரண்டு நகர்வுகளில் குறுக்கிடக் கூடாது என்பது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெற்றோருக்கும் இந்த விதி தேவை. ஒருமுறை சொன்னால் அடுத்த முறை வாயை மூடிக்கொண்டு பாருங்கள், குழந்தை ஆடட்டும்.

தேர்வு செய்யும் முன்

பிள்ளையிடம் கொடுக்கும் முன் நீங்கள் முழுதாக ஒருமுறை விளையாடிவிடுங்கள். விளம்பரம் எங்கே வருகிறது, விளம்பரத்தைத் தொட்டால் எங்கே இழுத்துப் போகிறது, அந்நியர்களுடன் அரட்டை அடிக்க வழி இருக்கிறதா, பாதியில் பணம் கேட்கிறதா, குழந்தையின் பெயரும் வயதும் கேட்கிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். லாகின் இல்லாமல் விளையாட முடிந்தால் அதுவே நல்லது. கட்டாயம் பெயர் வேண்டும் என்றால் உண்மைப் பெயரைக் கொடுக்காமல் ஒரு புனைபெயரைக் கொடுங்கள். பரிசுப் பெட்டி திறப்பது, கதாபாத்திரத்துக்கு உடை மாற்றுவது என்று நேரத்தில் பாதி போகும் விளையாட்டுகளும் உண்டு. பத்து நிமிடத்தில் குழந்தை எத்தனை நிமிடம் கணக்கு போட்டது என்று கவனித்தால் புரிந்துவிடும்.

பழைய பட்டியல்களைப் பார்த்துத் தேடுவோருக்கு ஒரு எச்சரிக்கை. முன்பு உலாவியில் விளையாட்டுகளை ஓட்டிய ஃபிளாஷ் தொழில்நுட்பத்துக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31 அன்று நின்றுபோனது. அதில் செய்யப்பட்ட ஏராளமான கல்வி விளையாட்டுகள் இன்று உலாவியில் திறக்காது. அதன் இடத்துக்கு வந்த எச்டிஎம்எல்5இல் செய்தவை கைப்பேசியிலும் டேபிலும் ஓடும்.

இணைய இணைப்பு சரியாக இல்லாத இடங்களுக்கு ஜிகாம்ப்ரிஸ் பொருத்தமானது. 2000இல் புருனோ குடோவான் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் இது, 2 முதல் 10 வயது வரையிலான பிள்ளைகளுக்கானது. ஒருமுறை இறக்கி நிறுவிவிட்டால் நூற்றுக்கும் மேற்பட்ட செயல்பாடுகள் இணையம் இல்லாமலே கிடைக்கும், விளம்பரமும் இல்லை. எண்கள், எடை, கடிகாரம் என்று சிறு வயதுக்கான கணக்கு அதில் நிறைய. வானியலுக்கு நாசாவின் ஸ்பேஸ் ப்ளேஸ் இருக்கிறது. ஆழமாக யோசிக்க வைக்கும் கணக்குப் புதிர்களுக்குக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் என்ரிச் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் ஆங்கிலம் தேவைப்படும், எனவே ஆசிரியரோ பெற்றோரோ பக்கத்தில் இருந்து சொல்ல வேண்டியிருக்கும். விளையாட்டின் மொழி புரியாமல் தடுமாறும் குழந்தைக்குக் கணக்கு வரவில்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

கற்றார்களா என்று எப்படித் தெரியும்

விளையாட்டில் வாங்கிய நட்சத்திரங்களை நம்ப வேண்டாம். அவை அந்த விளையாட்டில் கெட்டிக்காரர் என்பதைச் சொல்லும், அவ்வளவுதான். இரண்டு மூன்று நாள் கழித்து, விளையாட்டில் வராத வடிவத்தில் ஒரு கேள்வியைத் தாளில் கொடுங்கள். தராசு விளையாடியவர்களிடம் 9 + 6 = 10 + □ என்று தராசே இல்லாமல் கேளுங்கள். மின்சுற்று செய்தவர்களிடம் உண்மையான மின்கலமும் கம்பியும் சிறு பல்பும் கொடுத்து எரியவைக்கச் சொல்லுங்கள். எலும்புக்கூட்டை வீழ்த்தியவர்களிடம் "42ஐ மீதியில்லாமல் எதனாலெல்லாம் வகுக்கலாம்?" என்று கேளுங்கள். திணறினால், விளையாட்டுக்கும் தாளுக்கும் நடுவில் பேச்சு குறைந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த விளையாட்டையே திரையில் போட்டு, பக்கத்தில் தாளை வைத்து, திரையில் நடப்பதை எண்களாக எழுதிக்கொண்டே ஒரு சுற்று ஆடச் சொல்லுங்கள். பெரும்பாலும் இது போதும்.

எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் இதைவிடப் பெரிய சோதனை ஒன்றும் செய்து பார்க்கலாம். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் மீடியா லேப் 2007இல் வெளியிட்ட ஸ்க்ராட்ச் என்ற நிரலாக்க மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. வண்ணக் கட்டைகளைப் பொருத்தியே அதில் சிறு விளையாட்டுகள் செய்யலாம். ஒரு வகுப்பு கீழே படிப்பவர்களுக்காகப் பின்னத்தில் ஒரு விளையாட்டு செய் என்று சொல்லுங்கள். கேள்வியையும் சரியான விடையையும் சீக்கிரம் முடிவு செய்துவிடுவார்கள். தவறான விடைகளாக எவற்றை வைப்பது என்று வரும்போது வேலை மெதுவாகும். "சின்னப் பிள்ளைகள் இங்கே எப்படித் தப்பு பண்ணுவாங்க?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். அந்த வாக்குவாதத்தில் தலையிடாமல், அவர்கள் எழுதி வைக்கும் தவறான விடைகளை மட்டும் பாருங்கள். 1/2 + 1/3க்கு 2/5ஐ ஒரு தவறான விடையாக வைத்து, மேல் எண்களைத் தனியாகவும் கீழ் எண்களைத் தனியாகவும் கூட்டினால் இது வரும், அதனால்தான் வைத்தோம் என்று காரணமும் சொல்லும் குழந்தைக்கு, பின்னத்தில் நீங்கள் வேறு தேர்வு வைக்கத் தேவையில்லை.